பழைய லேப்டாப்பை வீட்டிலேயே சரிசெய்ய: எதை முதலில் செய்ய வேண்டும், எதில் கை வைக்கக் கூடாது

என் லேப்டாப்புக்கு ஒன்பது வயதானபோது ஆமை வேகத்தில் ஓட ஆரம்பித்தது. நான் உடனே ரேம் (லேப்டாப்பின் தற்காலிக நினைவகம்) வாங்கினேன். வந்த ரேம் ஸ்லாட்டில் சரியாக உட்கார்ந்தது, ஆனால் லேப்டாப் கிளம்பவே இல்லை. தவறான வகை. அதைத் திருப்பி அனுப்பி வேறொன்று வாங்கிப் போட்டேன். கிளம்பியது, ஆனால் வேகம் கூடவில்லை. கோளாறு ஹார்ட் டிஸ்கில் இருந்தது. அது தெரிவதற்குள் பல கோப்புகள் போய்விட்டன. அம்மா பேசிய நான்கு ஒலிப்பதிவுகளும் அவற்றோடு போயின. பிறகு பார்த்தால், அந்த டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவுசெய்து வைத்திருக்கிறது. ஐந்து நிமிடம் ஒதுக்கி அதைப் பார்த்திருந்தால் போதும்.

அதன்பிறகு அதே லேப்டாப்பை முழுமையாகச் சரிசெய்துவிட்டேன். இந்தக் கட்டுரையையும் அதிலிருந்துதான் எழுதுகிறேன். வேலைகளை இங்கே சொல்லியிருக்கும் வரிசையிலேயே செய்யுங்கள். எனக்கு வந்த நஷ்டம் முழுவதும் வரிசை மாறியதால் வந்தது.

1. எதையும் தொடும் முன் பேக்கப்

லேப்டாப் இப்போது ஓடுகிறது என்றால் இதுதான் உங்கள் வாய்ப்பு. வெளி டிஸ்க் ஒன்றில் முக்கியமானவற்றை முதலில் நகலெடுங்கள்: படங்கள், ஆவணங்கள், ஒலிப்பதிவுகள், பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள். சினிமாவும் பாட்டும் கடைசியில். நேரம் ஆகும். பழைய யூஎஸ்பி 2.0 போர்ட் வழியாக 500 ஜிபி நகலெடுக்க ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ பிடிக்கும். இரவில் போட்டுவிட்டுப் படுக்கலாம்.

நகலெடுத்தது முடிந்ததும் வேறொரு கணினியில் அந்த டிஸ்கைச் செருகி, நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப்.

ஹார்ட் டிஸ்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால், ஸ்கேன், டிஃப்ராக் (சிதறிய கோப்புகளை அடுக்கும் வேலை) எதையும் ஓட்டாதீர்கள். அவை சாகப் போகிற டிஸ்கை இன்னும் வேகமாகக் கொல்லும். மிக முக்கியமான ஃபோல்டரை மட்டும் எடுத்துவிட்டு அணைத்துவிடுங்கள். அதுகூட எடுக்க வரவில்லை, ஆனால் உள்ளே இருப்பது விலைமதிப்பற்றது என்றால் தரவு மீட்பு செய்பவரிடம் போங்கள். அந்த டிஸ்கை மறுபடி மறுபடி ஆன் செய்து பார்க்க வேண்டாம்.

அடுத்தது பிட்லாக்கர், அதாவது டிஸ்கில் இருப்பதை மறைகுறியாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதி. பல லேப்டாப்களில் டிஸ்க் நமக்குத் தெரியாமலே பூட்டப்பட்டிருக்கும். பயாஸை (விண்டோஸ் கிளம்பும் முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்தாலோ மதர்போர்டை மாற்றினாலோ 48 இலக்க மீட்பு எண் கேட்கும். அது இல்லையென்றால் தரவு அவ்வளவுதான். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்து, காகிதத்தில் எழுதி வையுங்கள். அதே லேப்டாப்பில் சேமித்து வைத்தால் பயனில்லை.

2. எண்களையும் காகிதங்களையும் சேகரியுங்கள்

ஒரு மாலை நேரத்தில் இவற்றை ஒரே இடத்தில் எழுதி வைத்துக்கொண்டால் பிறகு பெரும்பாலான தவறுகள் நடக்காது.

முதலில் முழு மாடல் எண். மேல்மூடியில் எழுதியிருக்கும் பெயர் போதாது. ஒரே பெயரில் நாலு வகை மதர்போர்டோடு விற்றிருப்பார்கள். அடிப்பாகத்து ஸ்டிக்கரில் இருக்கும் முழு எண்ணையும் சீரியல் எண்ணையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கர் அழிந்திருந்தால் பயாஸில் தெரியும்.

இரண்டாவது, வாங்கிய ரசீது. நீட்டிக்கப்பட்ட வாரண்டி ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டுப் பாருங்கள். இருந்தால் திறக்காதீர்கள், அவர்களே சரிசெய்து தரட்டும்.

மூன்றாவது, சர்வீஸ் மேனுவல். டெல், லெனோவோ, எச்பி ஆகியவை பல மாடல்களுக்கு இதை இலவசமாகவே தருகின்றன. எந்தத் திருகு எங்கே, எது முதலில் கழல வேண்டும், பேட்டரி, விசிறி ஆகியவற்றின் பாக எண் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். வீடியோ பார்த்துச் செய்வதைவிட இதுவே நல்லது. வீடியோவில் இருப்பது பெரும்பாலும் உங்கள் லேப்டாப்பின் அண்ணனோ தம்பியோதான், உங்களுடையது இல்லை.

விண்டோஸ் உரிமம் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். டிஜிட்டல் உரிமம் மதர்போர்டோடு பிணைந்தது. டிஸ்கையோ ரேமையோ மாற்றினால் போகாது. மதர்போர்டை மாற்றினால்தான் சிக்கல்.

3. கோளாறு எங்கே என்று பாருங்கள்

நான் தவறவிட்டது இந்தப் படிதான். இதற்குக் காசு எதுவும் ஆகாது, ஒரு நாள் போதும்.

டிஸ்க்: கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற ஓர் இலவசச் செயலியில், டிஸ்க் தன் நிலையைத் தானே எழுதிவைக்கும் ஸ்மார்ட் பதிவைப் பார்க்கலாம். ஹார்ட் டிஸ்காக இருந்தால் இரண்டு வரிகள் போதும்: மாற்றி ஒதுக்கிய செக்டர்கள் (Reallocated Sectors), முடிவாகாமல் நிற்கும் செக்டர்கள் (Pending Sectors). செக்டர் என்பது டிஸ்கில் தரவு எழுதப்படும் ஒரு சிறு துண்டு. இவை பூஜ்யத்தில் இல்லாமல் வாரா வாரம் ஏறிக்கொண்டிருந்தால் அந்த டிஸ்கை நம்பாதீர்கள். நீங்கள் ஒன்றும் செய்யாதபோதே டாஸ்க் மேனேஜரில் (எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் விண்டோஸ் திரை) டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால், மந்தத்துக்குக் காரணம் டிஸ்க் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

ரேம்: வழக்கமான வேலையின் நடுவே டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். 90 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறதென்றால்தான் கூடுதல் ரேம் பயன்படும். திடீர் திடீரென்று நீலத்திரை வருகிறதென்றால் மெம்டெஸ்ட்86+ செயலியைப் பென் டிரைவில் போட்டு ஒரு முழுச் சுற்று ஓட விடுங்கள். சில மணி நேரம் எடுக்கும். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேமைக் கழற்றித் தனியாகச் சோதிக்க வேண்டும்.

சூடு: சும்மா இருக்கும்போது 40 முதல் 55 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது இயல்பு. கனமான வேலையில் 80, 85 வரை போகலாம். சாதாரணமாக ஒரு வீடியோ பார்க்கும்போதே 95-ஐத் தொட்டால், பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நமக்கு அது 'லேப்டாப் ஸ்லோ' என்றுதான் தெரியும். இந்த எண்களைக் குறித்து வையுங்கள், ஆறாவது படியில் தேவைப்படும்.

பேட்டரி: விண்டோஸிலேயே பேட்டரி அறிக்கை எடுக்கும் வசதி உண்டு. வடிவமைத்த கொள்ளளவு, இப்போதைய முழுக் கொள்ளளவு என்று இரண்டு எண்கள் வரும். இரண்டாவது முதலாவதில் பாதிக்கும் கீழே போயிருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது.

கடைசியாக ஒரு சோதனை. லினக்ஸ் மின்ட்டை (விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம்) பென் டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே லேப்டாப்பை ஓட்டிப் பாருங்கள். அதில் எல்லாம் சுறுசுறுப்பாக இருந்தால் உங்கள் பிராசஸரும் ரேமும் நலம். கோளாறு டிஸ்கிலோ விண்டோஸிலோ இருக்கிறது.

4. கருவிகள்

பிலிப்ஸ் 0, பிலிப்ஸ் 00 என்ற, கூட்டல்குறி முனை கொண்ட இரண்டு நல்ல ஸ்க்ரூடிரைவர்கள். சில மாடல்களுக்கு நட்சத்திர முனை கொண்ட டார்க்ஸ் டி5. மேக்புக் என்றால் ஐந்து இதழ் கொண்ட பென்டலோப். மூடியை நெம்ப பிளாஸ்டிக் துண்டு ஒன்று. தெர்மல் பேஸ்ட் (பிராசஸரின் சூட்டை அதன் மேல் இருக்கும் உலோகத்துக்குக் கடத்தும் பசை), 90 சதவீதத்துக்கு மேல் அடர்த்தியுள்ள ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், நூல் உதிராத துணி.

ஸ்க்ரூடிரைவரில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். மலிவான முனை திருகின் தலையை வழுக்கிச் சிதைத்துவிடும். அப்படிச் சிதைந்த ஒரே ஒரு திருகை எடுக்க எனக்கு அரை நாள் ஆனது.

5. திறப்பது

முதல் தடவைக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். இரவு பத்து மணிக்கு ஆரம்பிக்காதீர்கள். தூக்கக் கலக்கத்தில்தான் ரிப்பன்கள் கிழிகின்றன.

ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் செய்யுங்கள், அப்போதுதான் விண்டோஸ் முழுமையாக அணையும். சார்ஜரைப் பிடுங்குங்கள். பேட்டரி வெளியே கழல்கிற வகை என்றால் அதைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனைப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்பேட்டரி என்றால் மூடியைத் திறந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, அதன் கனெக்டரை மதர்போர்டிலிருந்து எடுப்பது. திங்க்பேட் போன்ற சிலவற்றில் உள்பேட்டரியை பயாஸிலேயே முடக்கும் வசதி உண்டு. இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள்.

ஒரு வெள்ளைத்தாளில் லேப்டாப்பின் அடிப்பாகத்தை வரைந்து, கழற்றும் ஒவ்வொரு திருகையும் அதே இடத்தில் டேப் போட்டு ஒட்டுங்கள். பார்க்க எல்லாத் திருகும் ஒன்று போலவே இருக்கும், ஆனால் நீளம் வேறு. குட்டைத் திருகு போக வேண்டிய இடத்தில் நெட்டைத் திருகைப் போட்டு இறுக்கினால் அது மதர்போர்டையோ கீபோர்டையோ குத்திக் கிழிக்கும்.

மூடி வரவில்லையா? பலத்தைக் கூட்டாதீர்கள். ரப்பர் கால்களுக்கு அடியிலோ ஸ்டிக்கருக்கு அடியிலோ இன்னும் ஒரு திருகு ஒளிந்திருக்கும்.

கீபோர்டு, டச்பேட் ரிப்பன்களை இழுத்து எடுக்கக் கூடாது. அவை செருகியிருக்கும் இடத்தில் மெல்லிய தாழ்ப்பாள் ஒன்று இருக்கும். சிலவற்றில் அதை மேலே தூக்க வேண்டும், சிலவற்றில் ரிப்பன் இருக்கும் பக்கமாக நகர்த்த வேண்டும். நகத்தால் திறந்துவிட்டால் ரிப்பன் தானாக வந்துவிடும். நான் இது தெரியாமல் இழுத்துவிட்டேன், டச்பேட் போனது. வேலைக்கு நடுவில் ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நிலைமின் பற்றி: கம்பளத்தின் மேல் உட்கார்ந்து வேலை செய்யாதீர்கள். போர்டைத் தொடும் முன், தரையிணைப்புள்ள உலோகம் எதையாவது ஒரு முறை தொடுங்கள்.

6. தூசியும் தெர்மல் பேஸ்ட்டும்

பழைய லேப்டாப்பில் காசு அதிகம் போகாமல் கண்ணெதிரே மாற்றம் தெரிகிற வேலை இது. என்னுடையதில் 94 டிகிரி 76-க்கு இறங்கியது.

தூசி எங்கே இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். விசிறியின் இறக்கைகளில் படிந்திருப்பது கொஞ்சம்தான். விசிறிக்கும், சூட்டை வெளியேற்றும் மெல்லிய உலோகத் தகடுகளுக்கும் நடுவே ஒரு கம்பளித் துண்டு போல அடைந்து கிடக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. வெளியிலிருந்து காற்றடித்தால் அந்தத் துண்டு விசிறிக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். விசிறியைக் கழற்றி, துண்டைக் கையால் உரித்தெடுப்பதுதான் சரி.

காற்றடித்தால் விசிறியை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அது தன் அளவை மீறிச் சுழன்று பேரிங் கெட்டுவிடும். வீட்டு வாக்யூம் கிளீனரை உள்ளே விடாதீர்கள், அது நிலைமின்னை உண்டாக்கும்.

ஹீட்சிங்க்கின் (பிராசஸர் மேல் உட்கார்ந்து சூட்டை எடுக்கும் உலோகப் பாகம்) திருகுகளுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் 1, 2, 3, 4 என்று எண் போட்டிருக்கும். இறுக்கும்போது அந்த வரிசை, கழற்றும்போது தலைகீழ் வரிசை. ஒன்றை முழுதாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். அதன் கீழே இருக்கும் பிராசஸர் சில்லுக்கு மேல்கவசம் கிடையாது. ஒரு மூலையில் மட்டும் அழுத்தம் விழுந்தால் சில்லின் ஓரம் நொறுங்கும்.

காய்ந்த பேஸ்ட்டை ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தெடுங்கள், கத்தியால் சுரண்ட வேண்டாம். சில்லின் நடுவில் ஓர் அரிசி மணி அளவு புதிய பேஸ்ட் போதும். சில்லு நீளமாக இருந்தால் ஒரு மெல்லிய கோடு. மூலைகள் வரை பரவ வேண்டும் என்பதுதான் கணக்கு.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஹீட்சிங்க்கின் சில இடங்களில் பேஸ்ட்டுக்குப் பதில் மெத்தை மாதிரி தெர்மல் பேட் ஒட்டியிருக்கும். அது கிழிந்துவிட்டால் அந்த இடத்தில் பேஸ்ட்டைப் பூசாதீர்கள். அங்கே இடைவெளி அதிகம், பேஸ்ட் தொடாது. அதே தடிமனில் புதிய பேட் வாங்க வேண்டும். 0.5, 1, 1.5 மில்லிமீட்டர் என்று வரும். தடிமன் கூடினால் ஹீட்சிங்க் சில்லின் மேல் சரியாக உட்காராது, சூடு முன்பைவிட ஏறும்.

தூசியை ஆண்டுக்கு ஒரு முறை எடுங்கள். பேஸ்ட்டை மூன்று, நான்கு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றினால் போதும். சூடு சரியாக இருக்கும்போது சும்மா திறந்து மாற்ற வேண்டாம்.

திறந்த கையோடு மேல்மூடியின் கீல்களையும் பாருங்கள். வயதானால் கீல் இறுகிப்போகும். இறுகிய கீலோடு மூடித் திறக்கும்போது, திருகு பிடித்திருக்கும் பித்தளைக் குமிழ் பிளாஸ்டிக்கிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும். கீலின் நட்டைக் கால் சுற்றுத் தளர்த்தினால் இது நடக்காது. தேதியும் நேரமும் அடிக்கடி பின்னால் போகிறதென்றால், மதர்போர்டில் இருக்கும் சின்ன நாணய பேட்டரியையும் இப்போதே மாற்றிவிடுங்கள். பல மாடல்களில் சிஆர்2032 வகைதான்.

7. ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் எஸ்எஸ்டி

இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்கோடு ஓடுகிறது என்றால், ஒரே ஒரு பாகத்துக்குத்தான் காசு இருக்கிறது என்றால், அது எஸ்எஸ்டிக்குத்தான் (சுழலும் பாகம் இல்லாமல் சில்லுகளில் தரவை வைக்கும் டிஸ்க்) போக வேண்டும். சாதாரண லேப்டாப் ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு 100 எம்பி அளவில் படிக்கும். சாட்டா எஸ்எஸ்டி 500-ஐத் தாண்டும். சிதறிக்கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளைப் படிப்பதில் வித்தியாசம் இதைவிடப் பல மடங்கு. விண்டோஸ் கிளம்பும்போது நடப்பது பெரும்பாலும் அந்த வேலைதான்.

வாங்கும் முன் இரண்டைப் பாருங்கள். 2.5 அங்குல டிஸ்க் என்றால் தடிமன்: பழையது 9.5 மில்லிமீட்டராகவும் புதியது 7 ஆகவும் இருந்தால் ஆடாமல் இருக்க ஒரு சட்டகம் வேண்டும். எம்.2 ஸ்லாட் (மெல்லிய பட்டை வடிவ எஸ்எஸ்டியைச் செருகும் இடம்) என்றால் அது ஏற்பது சாட்டாவா என்விஎம்இயா (தரவை அனுப்பும் இரண்டு வெவ்வேறு முறைகள்) என்று சர்வீஸ் மேனுவலில் உறுதிசெய்யுங்கள். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், உள்ளே போகவும் செய்யும், ஆனால் ஸ்லாட் ஏற்காத வகையை லேப்டாப் கண்டுகொள்ளாது.

பழைய டிஸ்கை அப்படியே குளோன் செய்யலாம், புதிதாகவும் இன்ஸ்டால் செய்யலாம். என் பரிந்துரை இரண்டாவது. குளோன் செய்தால் இத்தனை ஆண்டுக் குப்பையும் கூடவே வரும். பழைய டிஸ்கில் மோசமான செக்டர்கள் இருந்தால் குளோன் பாதியில் நின்றும்விடும். புதிதாக இன்ஸ்டால் செய்து, செயலிகளைப் போட்டு, கோப்புகளைத் திரும்ப வைக்க ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.

8. ரேம்

மூன்றாவது படியில் ரேம் போதவில்லை என்று தெரிந்தால் மட்டும். டிடிஆர்3, டிடிஆர்3எல் என்ற இரண்டு ரேம் வகைகளும் ஒரே ஸ்லாட்டில் உட்காரும். ஆனால் முதலாவதற்கு 1.5 வோல்ட், இரண்டாவது 1.35 வோல்ட்டில் ஓடும். குறைந்த வோல்ட்டுக்கு மட்டுமே செய்த போர்டில் முதலாவது வேலை செய்யாது. நான் வாங்கிய தவறான ரேம் இதுதான். டிடிஆர்4 வேறு வெட்டு, செருகவே முடியாது. போர்டு அதிகபட்சம் எவ்வளவு ஏற்கும், ரேம் போர்டிலேயே பற்றவைத்ததா, காலி ஸ்லாட் இருக்கிறதா என்ற மூன்றையும் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.

9. பேட்டரி

டச்பேட் மேலே எழும்பியிருக்கிறதா? மேசையில் வைத்தால் லேப்டாப் ஆடுகிறதா? மூடி சரியாக மூடவில்லையா? பேட்டரி உப்பியிருக்கலாம். அப்படியானால் மற்ற எல்லா வேலையையும் விட்டுவிட்டு இதைப் பாருங்கள். சார்ஜ் செய்யாதீர்கள். அழுத்தாதீர்கள், ஊசியால் குத்திக் காற்றை எடுக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். லித்தியம் பேட்டரி குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். திருகுகளை எடுத்தால் கழல்கிற வகை என்றால் மெதுவாக எடுத்து, எரியாத தளத்தில் வையுங்கள். பசை போட்டு ஒட்டிய வகை உப்பியிருந்தால் நீங்கள் நெம்ப வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுங்கள். இந்த ஒரு இடத்தில் காசைப் பார்க்காதீர்கள்.

புதிது வாங்கும்போது பாக எண்ணும் வோல்ட்டும் பொருந்த வேண்டும். அதே அளவுப் பெட்டியில் பழையதைவிட ஒன்றரை மடங்கு கொள்ளளவு என்று எழுதியிருந்தால் நம்பாதீர்கள். தயாரிப்புத் தேதியைக் கேளுங்கள். கிடங்கில் நான்கு ஆண்டு கிடந்த 'புதிய' பேட்டரி பாதி செத்ததுதான். வந்த அன்றே பேட்டரி அறிக்கை எடுத்து, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் எண்களைச் சரிபாருங்கள்.

லேப்டாப் எந்நேரமும் சார்ஜரிலேயே இருக்கிறதென்றால், 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் தெரிவு பயாஸிலோ தயாரிப்பாளரின் செயலியிலோ இருந்தால் போட்டுவிடுங்கள். பல மாதம் எடுத்து வைக்கப் போகிறீர்கள் என்றால் பாதி சார்ஜில் வையுங்கள்.

சார்ஜர் மாற்றுவதானால் வோல்ட் அச்சாக அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது.

10. விண்டோஸ் 10-இல் நிற்கிறதா?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். உங்களுடையது அதற்கு முந்தையது என்றால், குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றுவதைவிட லினக்ஸ் மின்ட் நல்லது என்பது என் கருத்து. நான்கு ஜிபி ரேமில்கூடச் சமாளிக்கும். இன்ஸ்டால் செய்யும் முன் பென் டிரைவிலிருந்து ஓட்டி, வைஃபை, ஒலி, மூடியை மூடினால் தூங்கி எழுவது, நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் தமிழ்த் தட்டச்சு, பிரிண்டர் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். வேலைக்குக் கட்டாயம் விண்டோஸ் செயலி ஒன்று வேண்டுமென்றால் மாறும் முன் யோசியுங்கள்.

11. எங்கே நிறுத்துவது

மதர்போர்டில் சில்லு மாற்றுவது, சார்ஜரைத் திறப்பது இரண்டும் வீட்டு வேலை இல்லை. தண்ணீர் சிந்தினால் முதல் நிமிடத்தில் செய்ய வேண்டியது, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, சார்ஜரையும் முடிந்தால் பேட்டரியையும் எடுத்து, கீபோர்டு கீழே பார்க்கும்படி கவிழ்ப்பது. அரிசியில் புதைப்பதால் பயனில்லை. காய்ந்துவிட்டது என்று நினைத்து மறுநாள் ஆன் செய்வதுதான் பல லேப்டாப்களின் முடிவு. திறந்து சுத்தம் செய்த பிறகே மின்சாரம் கொடுங்கள்.

செலவுக்கு நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். இதே மாடல் பயன்படுத்திய லேப்டாப்பாக இன்று எவ்வளவுக்கு விற்கிறது என்று பாருங்கள். பாகங்களின் மொத்தச் செலவு அதில் பாதியைத் தாண்டினால் நிறுத்திவிடுவேன். ஒரு தடவையில் ஒரே ஒரு பாகம்தான் வாங்குவேன். போட்டு, ஒரு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்தது.

12. கழற்றிய பாகங்கள்

பழைய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். முனைகளை டேப்பால் மூடி, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். கெட்ட டிஸ்கைக் கொடுக்கும் முன் உள்ளே இருப்பதை அழிக்க வேண்டும், ஆனால் அவசரப்படாதீர்கள். புதிய எஸ்எஸ்டி வந்த மூன்றாவது வாரத்தில்தான், வரிக் கணக்கு இருந்த ஒரு ஃபோல்டரை நான் நகலெடுக்கவே இல்லை என்பது தெரிந்தது. பழைய டிஸ்க் அப்போது மேசை டிராயரில் இருந்தது. அந்த ஒரு ஃபோல்டர் மட்டும் நல்ல செக்டரில் இருந்ததால் கிடைத்தது. குறைந்தது இரண்டு மாதமாவது, தேதி எழுதிய உறையில் போட்டு வைத்திருங்கள்.